நிஜமாகவே என்ற சொல்

சகாத்தா
நவம்பர் 8, 1998

அக்கா,

போன் செய்தால் உன் கிளினிக்கில் இருக்கும் பெண் நீ நோயாளியோடு இருப்பதாகச் சொல்கிறாள். மூன்று முறையும் அதே குரல், அதே வாக்கியம். நீ சொல்லிக்கொடுத்தது என்று புரிந்துகொண்டேன். எனக்கும் போன் தோதுப்படவில்லை. இங்கே போன் இன்னும் பயிற்சிக்கூடத்து வாசலில்தான் இருக்கிறது. அப்பா குளித்துக்கொண்டிருந்தாலும் அவர் காதில் விழும். அதனால் கடிதம். பள்ளிக்கூடம் முடித்த பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இதுதான். கையெழுத்தைப் பொறுத்துக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். அப்பா விலகுகிறார். மார்ச் 21, ஞாயிற்றுக்கிழமை, சகாத்தா நகராட்சி விளையாட்டு அரங்கம். அறுபத்தொரு வயது. 'வடகடல் கரடி' இவாவோ குராமோச்சி மல்யுத்த ரிங்கில் ஏறி முப்பத்தெட்டு வருடம் ஆகிறது. இந்தத் தகவல்கள் எல்லாம் சுவரொட்டிக்காக நான் எழுதிக்கொடுத்தவை. மகனாக எழுதினால் வேறு மாதிரி வருமா என்று யோசித்தேன். வரவில்லை.

கடைசி ஆட்டம் மூன்று பேருக்கு மூன்று பேர். எதிரே, அப்பாவோடு எப்போதும் மோதும் தோதோ மாமாவும் அவர் கூட்டிவரும் இரண்டு பேரும். நம் பக்கம் அப்பா, நான், இன்னொருவர். சுவரொட்டி வரைபவர் மூன்று தலைகளுக்கு இடம் விட்டு வரைந்து கொண்டுவந்தார். மூன்றாவது யார் என்று அப்பாவிடம் கேட்டேன். காலுறை மாட்டிக்கொண்டிருந்தார்.

"மூணாவது யாருன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். வருவாளா?"

"அது எனக்கெப்படித் தெரியும்? நான் என்ன தபால்காரனா?"

ஆறு வருடத்தில் அவர் உன்னைப் பற்றிப் பேசிய மிக நீளமான பேச்சு இது. இதை அழைப்பு என்று எடுத்துக்கொள். இதைவிட அதிகமாக அவர் வாயிலிருந்து வராது.

படித்ததும் கிழித்துப் போடு. யார் தோற்பது என்று முன்பே பேசிவைக்கும் ஆட்டத்தைப் பற்றி எதையும் காகிதத்தில் எழுதக் கூடாது என்று வளர்ந்தவன் நான். எழுதும்போது முதுகு கூசுகிறது.

டைகோ


ஓயிதா
நவம்பர் 17

டைகோ,

வாழ்த்துகள் என்று அவரிடம் சொல். நான் வரவில்லை.

காரணம் உனக்குத் தெரியும். இருந்தும் எழுதுகிறேன். யாரிடமும் சொன்னதில்லை. காகிதத்தில் அது எவ்வளவு இடம் எடுக்கும் என்று பார்க்க வேண்டும்.

1992 நவம்பர் 22. நோஷிரோ. நானூறு பேர் இருந்திருப்பார்கள். அதே மூவர் அணி. அப்பா, நான், நீ. தோதோ மாமா அப்பாவின் இடுப்பைப் பின்னாலிருந்து பிடித்துத் தூக்கித் தன் தலைக்குப் பின்னால் சாய்த்தார். பேக் டிராப். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அவர்கள் இருவரும் செய்வது. அப்பா விழுந்தார். நான் கயிற்றுக்கு வெளியே, நம் மூலையில்.

வலிப்பது போல் செய்யும்போது அப்பா விரல்களை விரிப்பார். கடைசி வரிசைக்கும் தெரிய வேண்டும் என்பதற்காக. அன்று விரல்கள் மடங்கின. இடது கை. உள்நோக்கி. யாருக்கும் தெரியாத அளவுக்கு.

அவர் என் கையைத் தொடாமல் நான் உள்ளே போகக் கூடாது. போனேன். நடுவரிடம் சொன்னேன். "நிறுத்துங்க. அப்பாவுக்கு நெஜமாவே அடிபட்டிருக்கு."

நிஜமாகவே. நம் வீட்டில் இல்லாத சொல். அதைச் சொன்னால் மற்றதெல்லாம் என்ன என்று ஆகிவிடும். நானூறு பேர் முன்னால் சொன்னேன். பிறகு மூன்றாம் வரிசையிலிருந்து ஒருவர், "அப்போ இவ்வளவு நேரம்?" என்றார். சிரிப்பு. அரங்கம் முழுக்க.

அப்பா எழுந்தார். மேலும் பன்னிரண்டு நிமிடம் ஆடினார்.

உடைமாற்றும் அறையில் பதினோரு பேர். ஒவ்வொருவர் முன்னாலும் என்னைக் குனிந்து மன்னிப்புக் கேட்கச் சொன்னார். கேட்டேன். முடிந்ததும் தோதோ மாமாவைப் பார்த்துச் சொன்னார். "அடி என் கழுத்துல படல. இவ வாயில பட்டிருக்கு. வேஷம் எது வலி எதுன்னு தெரியாதவள இத்தன வருஷம் பக்கத்துல நிறுத்தியிருக்கேன்." மறுநாள் காலை ரயில்.

இப்போது நான் மனிதர்களின் மூட்டுகளைச் சரிசெய்கிறேன். ஒரு நாளைக்கு ஏழெட்டுக் கழுத்துகள். ஒவ்வொன்றையும் பிடிக்கும்போது அதே கேள்வி. அன்று அவர் நடித்தாரா?

நடித்தார் என்றால் அவர் சொன்னது சரி. கூட நிற்பவரின் உடம்பைப் படிக்கத் தெரியாதவளுக்கு ரிங்கில் வேலை இல்லை. நடிக்கவில்லை என்றால்.

அந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தெரியவில்லை. அதனால் வரவில்லை.

உலர்ந்த காளான் ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன். யார் அனுப்பியது என்று சொல்ல வேண்டாம்.

அயாமே


சகாத்தா
டிசம்பர் 3

அக்கா,

காளான் வந்தது. சொல்லவில்லை. மிசோ சூப்பில் போட்டோம். அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு, "ஓயிதா காளான் மாதிரி இருக்கே," என்றார். பிறகு இன்னொரு கிண்ணம் கேட்டார். சகாத்தாவை விட்டு ஓயிதாவுக்கு ஒரு நாளும் போகாத ஆள் காளானில் ஊரைக் கண்டுபிடிக்கிறார். என்னிடம் அவர் கேட்கவே இல்லை.

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். கிழித்தும் போட்டேன். பதில் எழுத உட்கார்ந்தால் வேறு விஷயம்தான் வருகிறது. அதையே எழுதுகிறேன்.

அப்பா இப்போது கிண்ணத்தைக் கையில் எடுப்பதில்லை. மேசைமேல் வைத்தபடியே குனிந்து சாப்பிடுகிறார். சின்ன வயதில் நாம் அப்படிச் சாப்பிட்டால் என்ன சொல்வார்? "நாய்க்குத்தான் கை கிடையாது." சொல்லிக்கொண்டே நம் இடது கையை இழுத்துக் கிண்ணத்தில் வைப்பார். அவர்தான் இப்போது குனிகிறார். சோற்றுக் கிண்ணம் இரண்டு உடைந்த பிறகுதான் இப்படி ஆரம்பித்தது. எல்லோரும் பார்க்காத மாதிரி இருக்கிறோம்.

சட்டைப் பொத்தான் போட நேரமாகிறது. உதவி செய்யப் போனால், "போய் உன் தொந்திய குறை," என்கிறார். எனக்கு முப்பத்தொரு வயதாகிறது. சுவரொட்டியில் இன்னும் 'குட்டிக் கரடி'தான்.

நீ கழுத்து பார்க்கிறவள் என்பதால் கேட்கிறேன். இது வயதினால் வருவதா?

டைகோ


ஓயிதா
டிசம்பர் 10

டைகோ,

கேட்பதற்கு மட்டும் பதில் எழுது.

மரத்துப்போவது எந்த விரல்கள்? சுண்டுவிரல் பக்கமா, கட்டைவிரல் பக்கமா? தலையைப் பின்னால் சாய்த்தால் கைக்குள் மின்சாரம் போவது போல் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறாரா? நடையில் தடுமாற்றம் உண்டா, குறிப்பாகப் படி இறங்கும்போது? எந்தப் பக்கம் படுக்கிறார்?

எப்போதிலிருந்து? கிண்ணம் உடைந்ததிலிருந்து என்று எழுதாதே. கிண்ணம் கடைசியில் நடப்பது. யோசித்து எழுது.

அயாமே


சகாத்தா
டிசம்பர் 28

அக்கா,

சுண்டுவிரலும் மோதிர விரலும். மின்சாரம் என்று சொன்னதில்லை. ஆனால் கூரையை நிமிர்ந்து பார்ப்பதில்லை. விளக்கு மாற்ற என்னைக் கூப்பிடுகிறார். படி இறங்கும்போது சுவரைத் தொட்டுக்கொண்டு வருகிறார். வலது பக்கம்தான் படுக்கிறார்.

எப்போதிலிருந்து என்று கேட்டிருந்தாய். மூன்று வாரம் ஆகியும் எழுதாததற்கு அதுதான் காரணம்.

நோஷிரோவிலிருந்து.

அன்று உன்னை நடுவர் வெளியே தள்ளிக்கொண்டு போனாரே, அந்த நேரத்தில் நான் அப்பாவை நம் மூலைக்கு இழுக்கப் போனேன். கூட்டம் சிரித்துக்கொண்டிருந்தது. நான் அவர் இடது கையைப் பிடித்து இரண்டு முறை அழுத்தினேன். நமக்கு முதல் நாள் சொல்லிக்கொடுத்தது அதுதானே? கீழே விழத் தெரிவதற்கு முன்னால் அதைத்தான் கற்றோம். இரண்டு அழுத்தினால் 'சரியா இருக்கியா' என்று கேள்வி. ஒன்று திரும்பி வந்தால் சரியாக இருக்கிறார்.

ஒன்றும் வரவில்லை. மறுபடி அழுத்தினேன். ஈரத் துணியைப் பிடித்த மாதிரி இருந்தது. அப்பா உதட்டை அசைக்காமல், "எழுப்பு," என்றார். எழுப்பினேன். அந்தப் பன்னிரண்டு நிமிடமும் இடது கையை அவர் ஒரு தடவைகூடப் பயன்படுத்தவில்லை. பார்த்தவர்களில் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.

நீ பதினோரு பேர் முன்னால் குனிந்தாயே, எட்டாவது ஆள் நான். நீ குனிந்ததும் நான் தலையசைத்தேன். மன்னித்துவிட்டேன் என்கிற மாதிரி.

ஏன் வாயைத் திறக்கவில்லை என்று நீ கேட்பாய். திறந்திருந்தால் அடுத்த ரயில் எனக்கு என்று பயம். இது ஒரு காரணம். இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். அந்த வருடம் எல்லா ஊரிலும் கூட்டம் உன் பெயரைத்தான் கத்தியது. நீ போனால் என் பெயரைக் கத்துவார்கள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

ஆக, நீ சரியாகத்தான் படித்தாய். அவர் நடிக்கவில்லை.

டைகோ


சகாத்தா
ஜனவரி 20, 1999

அக்கா,

புத்தாண்டு அட்டை வரவில்லை. எதிர்பார்த்தேன் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை.

சுவரொட்டியை இனி தள்ளிப்போட முடியாது என்றார்கள். மூன்றாவது ஆளைக் கறுப்பு நிழலாகப் போட்டுப் பக்கத்தில் கேள்விக்குறி வைத்துவிட்டார்கள். ஊரில் அதைப் பற்றித்தான் பேச்சு. மீன் சந்தையில் ஒருவர், கேள்விக்குறி என்பது செத்துப்போன யாரோதான் என்று அடித்துச் சொல்கிறார்.

அப்பா சுவரொட்டியைத் தூரத்தில் வைத்துப் பார்த்தார். "மூஞ்சி இல்லாட்டி என்ன, தோள் அவளோடதுதான்," என்றார். படம் வரைந்தவர் உன்னைப் பார்த்ததே இல்லை.

டைகோ


ஓயிதா
பிப்ரவரி 4

டைகோ,

எட்டாவது ஆள். நினைவிருக்கிறது. உன் காலுறையில் ஓட்டை. குனிந்தபோது அதைத்தான் பார்த்தேன். பெருவிரல் நகம் கறுத்திருந்தது. வலிக்குமே என்று நினைத்தேன்.

உன் கடிதம் வந்த அன்று ஆறு பேரைப் பார்த்தேன். கைகள் வழக்கம்போல் வேலை செய்தன. அதை ஒரு தகவலாகக் குறித்துக்கொண்டேன். மாலையில் வெந்நீர் ஊற்றுக் குளியலுக்குப் போனேன். உட்கார்ந்தேன். ஆறு வருடமாக முடிக்காத வாக்கியம் முடிந்துவிட்டது. முடிந்தால் நிம்மதி வரும் என்று நினைத்திருந்தேன். வெறும் இடம்தான் இருந்தது, அலமாரியை நகர்த்திய பிறகு சுவரில் தெரியும் இடம் போல.

உன்மேல் கோபம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. தெரியும்போது சொல்கிறேன்.

அப்பாவின் கழுத்தைப் பற்றி எனக்குத் தெரிகிறது. நீ எழுதியது போதும். அவர் ரிங்கில் ஏறவே கூடாது. தலை ஒருமுறை தப்பாக மடங்கினால் பிறகு கிண்ணம் மட்டும் பிரச்சினையாக இருக்காது, எழுந்து நிற்பதே நடக்காது. எக்ஸ்ரே எடுக்கச் சொல். உன்னால் நிறுத்த முடிந்தால் நிறுத்து.

முடியாது என்றால் நான் வருகிறேன். பேக் டிராப் இருக்கக் கூடாது. விழ வேண்டியதையெல்லாம் நீ விழு. உனக்கு அது பொருத்தமாகவும் இருக்கும்.

அயாமே


சகாத்தா
பிப்ரவரி 15

அக்கா,

சொன்னேன். அப்பா வாசலில் பனியை வாரிக்கொண்டிருந்தார், வலது கையாலேயே. நீ வருவாய் என்பதை முதலில் சொன்னேன். வாருவதை நிறுத்தவில்லை. எக்ஸ்ரே என்றேன்.

"படம் புடிச்சா எலும்பு வெள்ளையா தெரியும். அது எனக்கே தெரியும்."

பேக் டிராப் கூடாது என்று அக்கா சொல்கிறாள் என்றேன். அப்போதுதான் மண்வெட்டியை ஊன்றி நின்றார். தோதோவிடம் பேக் டிராப் வாங்காமல் போனால் அதற்கு விலகல் என்று பெயர் இல்லை, ஓட்டம் என்று பெயர் என்றார். போகிறவன் தோற்றுவிட்டுத்தான் போக வேண்டும், தன்னைத் தோற்கடிக்கத் தகுந்த ஆளிடம், தகுந்த அடியில். இதையெல்லாம் நமக்குச் சொல்லியே வளர்த்திருக்கிறார். தோதோ மாமாவிடம் தனியாகப் போய்க் கெஞ்சினேன். "உங்கப்பன் கழுத்த நான் முப்பத்தஞ்சு வருஷமா பாத்துக்கிட்டிருக்கேன்டா," என்றார். பிறகு எடுத்த சிகரெட்டைப் பற்றவைக்காமலே பெட்டியில் திருப்பி வைத்தார். நோஷிரோவை அவரும் நினைத்திருப்பார்.

முடிவானது இது. பேக் டிராப் ஒன்றே ஒன்று, மெதுவாக. தோதோ மாமா அப்பாமேல் படுத்து எண்ணிக்கை வாங்குவார், மூன்று எண்ணினால் தோல்வி. இரண்டில் நான் வெளியிலிருந்து ஓடி வந்து தோதோ மாமாவின் முதுகில் விழுந்து கலைப்பேன். அப்பா எழுவார். இன்னும் ஐந்து நிமிடம். அதன் பிறகு கழுத்தைத் தொடாத ஒரு பிடியில் தோற்பார். பிறகு ரிங் நடுவில் நின்று, விலகுகிறவருக்காகப் பத்து முறை அடிக்கும் மணியைக் கேட்பார்.

இன்னொன்றும் கேட்டேன். தைரியம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. "நோஷிரோவுல உங்களுக்கு நெஜமாவே அடிபட்டுச்சா?" என்றேன்.

"அந்த வார்த்தய இந்த வீட்ல சொல்லாத," என்றார். மறுபடி பனியை வாரினார். ஏற்கெனவே வாரிய இடத்தையே.

டைகோ


ஓயிதா
பிப்ரவரி 22

டைகோ,

மார்ச் 20, மாலை நான்கு பத்துக்கு வண்டி. நிலையத்துக்கு வர வேண்டாம். விடுதியில் தங்குகிறேன். என் பழைய பூட்ஸ் இருந்தால் எண்ணெய் போட்டு வை.

அவரோடு முன்னதாகப் பயிற்சி வேண்டாம். பேசவும் வேண்டாம். எதிரில் உட்கார்ந்தால் இருவரில் ஒருவர் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கும். இருவருக்கும் பழக்கமில்லை.

ஒன்று மட்டும். விழுந்த பிறகு அவர் கையைப் பிடிப்பது நான். நீ இல்லை.

அயாமே


ஓயிதா
மார்ச் 24

டைகோ,

உன்னிடம் சொல்லாமல் கிளம்பினேன். மருத்துவமனை வாசல்வரை வந்தேன். நீ உள்ளே தாடையில் ஐஸ் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். கண்ணாடிக்கு வெளியிலிருந்து பார்த்தேன். ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

நீ பார்க்காததை எழுதுகிறேன். நீ அப்போது வெளியே தரையில், தோதோ மாமாவின் ஆள் உன்மேல் உட்கார்ந்திருந்தான். இன்னொருவன் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தான்.

தோதோ மாமா தூக்கினார். மெதுவாகத்தான். குழந்தையைத் தொட்டிலில் போடுவது போல. அதனால் அவரைக் குறை சொல்லாதே. அப்பாவின் இடது கை அவர் தோளைப் பிடித்திருக்க வேண்டும், இறங்கும்போது தாங்க. பிடிக்கவில்லை. பிடிக்க முடியவில்லை. தலை முதலில் வந்தது.

விரல்கள் விரியவும் இல்லை, மடங்கவும் இல்லை.

நான் உள்ளே போனேன். இந்த முறை விதிப்படி. நம் பக்கம் ஆள் குறைந்தால் உள்ளே வரலாம் என்று நடுவரோடு பேசி வைத்திருந்தோம். அப்பாவின் பக்கத்தில் மண்டியிட்டேன். இடது மணிக்கட்டில் இரண்டு முறை. ஒன்றும் இல்லை. வலது மணிக்கட்டில் இரண்டு முறை.

கையில் பதில் இல்லை. அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசையாமல் சொன்னார்.

"அயாமே. நெஜமாவே."

ஆறு வருடம் கழித்து என் பெயர். பக்கத்தில் அந்தச் சொல்.

எழுந்து நின்று நிறுத்துங்கள் என்று கத்தியிருக்கலாம். அதுதான் எளிது. ஆயிரத்து இருநூறு பேர் இருந்தார்கள். யாராவது ஒருவர் சிரித்திருப்பார். அப்பா அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பார். அந்தச் சொல்லை அவர் என்னிடம் மட்டும் கொடுத்தார். வெளியே எடுத்துப் போகக் கொடுக்கவில்லை.

ஆட்டம் முடிய வேண்டும். உடனே. யாரும் அவரை அசைக்காமல். முடிவதற்கு ஒரே வழி, அவர் அங்கேயே தோற்பது.

தோதோ மாமா குனிந்தார். "மாமா, கைய மட்டும் வைங்க. எடை வேணாம்," என்றேன். என் முகத்தைப் பார்த்தார். மண்டியிட்டு அப்பாவின் நெஞ்சில் உள்ளங்கையை வைத்தார். பெரியவர் பெரியவருக்குச் செய்யும் மரியாதை போல இருந்தது. கூட்டம் அப்படித்தான் எடுத்துக்கொண்டது. நடுவர் எண்ணினார். ஒன்று.

நீ வந்தாய். திட்டப்படி. மிகச் சரியான நேரத்தில், முதல் முறையாக. உன் எடை நூற்றுப் பத்து கிலோ. நீ தோதோ மாமாவின் முதுகில் விழுந்தால் அவர் அப்பாவின் மேல் விழுவார். சொல்ல நேரம் இல்லை. முழங்கையால் உன் தாடையில் அடித்தேன்.

அந்த அடியை மென்மையாக்க எனக்குத் தெரியும். மென்மையாக்கவில்லை. பாதி அப்பாவுக்காக. மீதி எட்டாவது ஆளுக்கு. உன்மேல் கோபம் இருந்ததா என்று தெரியும்போது சொல்கிறேன் என்று எழுதியிருந்தேன்.

இரண்டு. மூன்று.

கூட்டம் புரிந்துகொண்டது. அவர்கள் புரிந்துகொண்டது, மகள் துரோகம் செய்துவிட்டாள். தம்பியை அடித்து அப்பாவைத் தோற்க வைத்துவிட்டாள். ஒரு பெண் குரல்: "இதுக்குத்தான் ஆறு வருஷமா காத்திருந்தியாடி?" நல்ல கேள்வி. பதில் சொல்ல முடியாத இடத்தில் இருந்தேன். அப்பாவின் தலையை இரண்டு கைகளுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். திட்டு, ஊளை, ஒரு தேநீர் டப்பா. அது என் முதுகில் பட்டது. காலிதான்.

மணி அடிப்பவரைப் பார்த்துத் தலையசைத்தேன். அப்பா நின்றுகொண்டு கேட்க வேண்டிய மணி. மணியடிப்பவருக்குப் புரியவில்லை, ஆனாலும் அடித்தார். மூன்றாவது மணிக்குத் திட்டுவது நின்றது. ஐந்தாவதுக்கு எல்லோரும் எழுந்தார்கள். அப்பாவை வழியனுப்ப வாங்கிவைத்திருந்த நீலக் காகித நாடாக்களை வீசத் தொடங்கினார்கள். என்ன நடக்கிறது என்று தெரியாமல்தான். நாடாக்கள் என் தலைமேலும் அவர் மேலும் விழுந்தன. அவர் முகத்தில் விழுந்ததை ஊதித் தள்ளினேன். கையை எடுக்க முடியாது.

அவர் உதடு எண்ணிக்கொண்டிருந்தது. பத்து வரை.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். பலகை, கறுப்புத் திரை, ஆம்புலன்ஸ்.

மருத்துவர் என்ன சொன்னார் என்று எழுது. எழுத முடியவில்லை என்றால் போன் செய். கிளினிக்கில் இருக்கும் பெண்ணிடம் சொல்லிவிட்டேன்.

அயாமே


சகாத்தா
ஏப்ரல் 6

அக்கா,

போன் செய்யலாம் என்று எடுத்தேன். வைத்துவிட்டேன். கடிதம் பழகிவிட்டது.

தாடை சரியாகிவருகிறது. ஒரு பல் ஆடுகிறது. எதற்கான அடி என்று கீழே விழும்போதே தெரிந்தது. இரண்டு பாதியும் தெரிந்தது. அதனால்தான் எழாமல் கிடந்தேன். தோதோ மாமா நான் பிரமாதமாக விழுந்ததாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அப்பா. மருத்துவர் படத்தைத் தூக்கிக் காட்டினார். பழைய முறிவு ஒன்று, தானாகவே கோணலாகக் கூடியது, ஆறேழு வருடம் இருக்கும் என்றார். அப்பா படத்தைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தார். அதன் பக்கத்தில் புதியது. விழுந்த பிறகு யாராவது மேலே விழுந்திருந்தாலோ, தூக்கி நிறுத்தியிருந்தாலோ கழுத்துக்குக் கீழே எதுவும் அசைந்திருக்காது என்றார். யார் தலையைப் பிடித்திருந்தது என்று கேட்டார். மகள் என்றேன். அவர் மல்யுத்தம் பார்க்கிறவர் இல்லை போலிருக்கிறது, "நல்ல பொண்ணு," என்று சொல்லிவிட்டுப் போனார். இந்த ஊரில் இப்போது அப்படிச் சொல்லும் ஒரே ஆள் அவர்தான்.

காலில் அசைவு வந்துவிட்டது. நேற்று இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நின்றார். வலது கை வந்துவிட்டது. இடது கை மெதுவாக வரும், முழுசாக வராது. தாடையிலிருந்து நெஞ்சுவரை கெட்டியான பட்டை போட்டிருக்கிறார்கள். திரும்ப வேண்டுமென்றால் மொத்தமாகத் திரும்புகிறார், கப்பல் மாதிரி.

ஊர்ப் பத்திரிகை எழுதியதை அனுப்பியிருக்கிறேன். 'வடகடல் கரடியின் கடைசி ஆட்டத்தில் பெற்ற மகளின் பழிவாங்கல்.' மீன் சந்தையில் உன் பெயரைச் சொன்னால் துப்புகிறார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. இந்த முறை சொல்லாமல் இருப்பது சரி என்று நினைக்கிறேன். தப்பென்றால் எழுது.

அப்பாவுக்கு அதைப் படித்துக் காட்டினேன். மூன்று தடவை படிக்கச் சொன்னார். பட்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பு என்று பிறகுதான் புரிந்தது.

"இத நோஷிரோவுலயே செஞ்சிருந்தா," என்றார், "இந்நேரம் அவ பேர்ல அரங்கம் நிறைஞ்சிருக்கும்."

இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. அப்படியே உனக்கு அனுப்புகிறேன்.

நேற்று பட்டை அரிக்கிறது, கழற்று என்று என்னிடம் சண்டை. மருத்துவர் சொல்லாமல் முடியாது என்றேன். "அந்த ஆளுக்கு என்ன தெரியும், படத்தப் பாத்து பேசறவன்," என்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்து எழுந்தேன்.

"அயாமேகிட்ட எழுதிக் கேளு," என்றார். "எப்ப கழட்டலாம்னு."

கேட்டுவிட்டேன்.

டைகோ


ஓயிதா
ஏப்ரல் 11
(அஞ்சலட்டை)

டைகோ,

மூன்று மாதம். ஒரு நாள்கூடக் குறையாது. அரிக்கும் இடத்தில் உள்ளே மெல்லிய பருத்தித் துணி வைத்து மாற்று, கழுத்தை அசைக்காமல்.

மண்வெட்டியை ஒளித்து வை. கிண்ணம் மேசைமேலேயே இருக்கட்டும், யாரும் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

ஜூன் 21 மாலை, நான்கு பத்து வண்டி. நானே வந்து கழற்றுகிறேன். நிலையத்துக்கு வா.

அயாமே